ஒருக்காத்தான் கேட்டவ

என்ன பிள்ளை, அவ்வளவுதானோ?

இல்லை, நான் கோவிக்கேல்லை. சும்மா கேக்கிறன். "அங்கிள், ஒரு ரோல்ஸ் எடுங்கோ" எண்டு பையை நீட்டினியள். நான் "வேண்டாம், வேண்டாம்" எண்டன். உடனை நீங்கள் பையைச் சுருட்டி மடியிலை வைச்சிட்டு யன்னலாலை வெளியை பாக்கத் தொடங்கீட்டியள். வேண்டாம் எண்டால் வேண்டாமோ? மணம் வேறை என்ர மூக்கடிக்கு வருது. மட்டன் போலை கிடக்கு.

ஐயோ, இப்ப எடுக்காதேங்கோ. கேட்டு வாங்கினமாதிரிப் போயிடும். இது ரெண்டாந்தரம் எண்டு கணக்கிலை வராது பிள்ளை, நான் சொல்லித்தானே நீட்டுறியள். இருக்கட்டும், உள்ளை வையுங்கோ. எனக்குப் பசியுமில்லை. நீங்கள் எதிலை இறங்கிறியள்? அப்ப எனக்குப் பிறகுதான். நான் லைப்ரரியடியிலை இறங்கிறன். இந்தப் பனிக்கை பஸ் ஊர்ந்துதான் போகும்.

அப்பா அம்மா எந்த ஊர்? பளையோ! அட, கிட்டத்தானே. நான் கொடிகாமத்திலை போஸ்ட்மாஸ்டரா இருந்தனான். அப்பாவிட்டைக் கேட்டுப்பாருங்கோ, போஸ்ட்மாஸ்டர் அம்பலவாணர் எண்டு. தெரியாது எண்டு சொன்னால் அவர் பளையில்லை.

நீங்கள் இஞ்சை பிறந்த பிள்ளையோ? அதுதான். உங்களிலை பிழையில்லை. இந்த நாட்டிலை எல்லாரும் ஒருக்காத்தான் கேப்பினம். நாங்கள் என்ன செய்வம்? முதல் தரம் கேட்டால் வேண்டாம் எண்டுவம். ரெண்டாந்தரம் கேட்டால், சீ சீ, உங்களுக்கேன் கரைச்சல் எண்டுவம். மூண்டாந்தரம் கேட்டால், சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறியள் எண்டு வாங்குவம். கேக்கிறவனுக்கும் மரியாதை, வாங்கிறவனுக்கும் மரியாதை. இது தெரியாமத்தான் என்ர வகுப்பையே பூட்டிப்போட்டினம். ஓம், வகுப்பு. இங்கிலிஷ் வகுப்பு. நான்தான் மாஸ்டர்.

சொல்லட்டோ? உங்களுக்கு அலுப்பில்லையே? இல்லையெண்டு ஒருக்காச் சொன்னால் போதும், நான் தொடங்கிடுவன்.

எங்கட பில்டிங்கிலை கீழை, உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் பக்கத்திலை ஒரு பொது அறை கிடக்கு. இங்கிலிஷ் தெரியாமல் வந்து கஷ்டப்படுற வளந்த ஆக்களுக்கு எழுத, வாசிக்க, கதைக்கச் சொல்லிக்குடுக்கிறதுக்கு அந்த அறையைத் தாறம், ஆரும் படிப்பிப்பியளோ எண்டு கேட்டு ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. என்ர மகள் சுகந்தினிதான் அதைப் பாத்திட்டு ஓடிவந்தவ. "அப்பா, நீங்கள் வீட்டிலை இருந்து சட்டி சட்டியாத் திறந்து உப்புப் பாத்துக்கொண்டு இருக்கிறதிலும் பாக்க, உங்கட அறிவை நாலுபேருக்குக் குடுக்கலாமே" எண்டு சொல்லி, அண்டைக்கே என்ர பேரையும் குடுத்திட்டு வந்திட்டா. மருமகன் எனக்கு ஒரு புதுப் பேனையும் வாங்கித் தந்தவர். என்ர திறமையிலை அதுகளுக்கு அப்பிடியொரு நம்பிக்கை.

என்ர இங்கிலிஷ் உங்கட இங்கிலிஷ் மாதிரியில்லைப் பிள்ளை. அது தபால் கந்தோர் இங்கிலிஷ், தந்தி இங்கிலிஷ். ஒரு சொல்லுக் கூடாது, ஒரு சொல்லுக் குறையாது. அதாலை நான் முதல் பாடமா எடுத்தது, கடித உறையிலை விலாசம் எழுதிறது. முத்திரை எதிலை, காற்புள்ளி எதிலை, ஊர் எதிலை எண்டு. ரெண்டு மாசம் அதுதான் படிப்பிச்சனான். தருமகுலசிங்கம் எண்டு ஒரு ஆள் வகுப்பிலை இருந்தவன், குலம் குலம் எண்டுதான் கூப்பிடுறது, ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியிலை வேலை. அவன் எழும்பி, "மாஸ்டர், நான் ஒருத்தருக்கும் கடிதம் போடுறேல்லை. குசினிக்கை பெரிய குக் 'உப்பைக் குறை' எண்டு கத்தினால் எனக்கு விளங்கவேணும், அவ்வளவுதான்" எண்டான். நான் சொன்னன், தம்பி, முதல் விலாசம், பிறகு உப்பு. அடிப்படை இல்லாமல் ஒண்டும் நிக்காது.

பிறகு செல்வமலர் எண்டொரு பிள்ளை. பாவம், புருசன் இல்லை, கேக் பெட்டி அடைக்கிற பக்டரியிலை இரவு வேலை. நித்திரை முழிச்சுப்போட்டு நேரை வகுப்புக்கு வரும். வந்து முன்னாலை இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேக்கும். அப்பிடி ஆழமாக் கேக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை.

ஒரு சீன மனிசியும் வந்தவ, மிஸிஸ் லின். மற்றவையள் எல்லாம் எங்கட ஆக்கள்தான், அதாலை விளக்கமெல்லாம் நான் தமிழிலைதான் சொல்லுறது. மிஸிஸ் லின் ஒண்டும் பேசமாட்டா, எழுதிக்கொண்டே இருப்பா. ஒரு வருசம் முடிய அவ சரளமாக் கதைக்கத் தொடங்கீட்டா. இங்கிலிஷ் இல்லை, தமிழ். "வாங்கோ மாஸ்டர், இருங்கோ, தேத்தண்ணி குடிச்சியளோ" எண்டு கேப்பா. ஒரு வருசத்திலை ஒரு சீன மனிசியைத் தமிழ் கதைக்க வைச்ச இங்கிலிஷ் மாஸ்டர் இந்த ஸ்காபரோவிலை வேறை ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்?

என்ர மனிசியும் வகுப்புக்கு வந்தவ. தையல்நாயகி. நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். நான் இருக்கேக்கை அவவுக்கு என்னத்துக்கு இங்கிலிஷ்? டொக்டரிட்டைப் போனாலும் நான்தான் கதைக்கிறது, கடையிலையும் நான்தான், மேல்மாடி வெள்ளைக்காரி லிப்டுக்கை நிண்டு "ஹவ் ஆர் யூ" எண்டு அவவைப் பாத்துக் கேட்டாலும் "ஷீ இஸ் ஃபைன்" எண்டு நான்தான் சொல்லுறது. ஒருக்கா முழங்கால் நோ எண்டு போனம். டொக்டர் எந்தக் கால் எண்டு கேக்க நான் இடது எண்டன். அவ என்னவோ சைகை காட்டிக்கொண்டு இருந்தவ, நான் கவனிக்கேல்லை. இடது காலைப் படம் எடுத்து, மருந்தும் பூசி, வீட்டை வந்தபிறகுதான் சொல்லுறா வலது எண்டு. அதுக்குப் பிறகுதான் நானும் படிக்கப்போறன் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவ. சரி வாவன் எண்டு கூட்டிக்கொண்டு போனன்.

வகுப்பிலையும் நான் அவவைக் கஷ்டப்படுத்தினதில்லை. "வாட் இஸ் யுவர் நேம்?" எண்டு நான் கேப்பன். அவ வாயைத் திறக்கிறதுக்கிடையிலை பதிலையும் நானே சொல்லிடுவன். பாவம் அவ ஏன் மற்றவைக்கு முன்னாலை முழுசவேணும்? ஒருநாள் குலம் கேட்டான், "மாஸ்டர், அக்காவை ஒருக்காச் சொல்ல விடுங்கோவன்" எண்டு. நான் சொன்னன், அவவுக்குத் தன்ர பேர் தெரியும், நீர் உம்மடதைச் சொல்லும் எண்டு. எல்லாரும் சிரிச்சினம். அப்பிடி முசுப்பாத்தியான வகுப்பு.

இனித்தான் விசயத்துக்கு வாறன். இங்கிலிஷ் ஆரும் படிக்கலாம் பிள்ளை. மரியாதையை எங்கை படிக்கிறது? நான் என்ன செய்தன், ஒரு தட்டிலை கிறீம் பிஸ்கட் அடுக்கிக்கொண்டு போனன். ஒவ்வொருத்தருக்கும் நீட்டி, "வில் யூ ஹாவ் எ பிஸ்கட்?" எண்டு கேட்டன். குலம் முதல் தரமே ரெண்டை எடுத்து ஒண்டை வாயிலையும் போட்டிட்டான். எனக்கு வந்ததே கோவம்! இதுதானோ தாய் தேப்பன் பழக்கின பழக்கம் எண்டு கேட்டு, கையிலை இருந்த மற்றதைத் திருப்பி வாங்கித் தட்டிலை வைச்சன். பிறகு கரும்பலகையிலை எழுதிப்போட்டன். முதல் தரம், "நோ, தாங்க் யூ." ரெண்டாந்தரம், "நோ, நோ, இட் இஸ் குவைட் ஆல் ரைட்." மூண்டாந்தரம், "வெரி வெல், இஃப் யூ இன்சிஸ்ட்." நல்லாப் பாடமாக்கினம். மிஸிஸ் லின் இதை ஒருக்காச் சொல்லவே பிடிச்சிட்டா. அவையளுக்கையும் இதே முறைதானாம். மாசக் கடைசியிலை பிஸ்கட் தட்டு சுத்தி வந்தால் ஒருத்தரும் தொடமாட்டினம். மூண்டாந்தரம் வரைக்கும் பொறுத்திருக்கிறதுக்கு நேரமும் இராது, நான் தட்டை வீட்டை கொண்டுவந்திடுவன். அவ்வளவு ஒழுங்கு.

இதிலை மலர் கொஞ்சம் கோவிச்சவ. பக்டரியிலை போர்மன் அவவைக் கூப்பிட்டுப் பகல் வேலை ஒண்டு இருக்கு, விருப்பமோ எண்டு கேட்டிருக்கிறான். மலர், நான் படிப்பிச்சபடி, தலையைக் குனிஞ்சு "நோ, தாங்க் யூ" எண்டு சொல்லிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கு. அவன் "ஓகே" எண்டிட்டு அடுத்த மேசைக்காரியைக் கேட்டிருக்கிறான். அவள் உடனை "ஓம்" எண்டிட்டாள். மலர் வகுப்பிலை வந்து அழுதது. "மாஸ்டர், உங்களாலை எனக்கு இன்னும் எத்தினை மாசம் இரவு முழிக்கக் கிடக்கோ" எண்டு. நான் ஆறுதல் சொன்னனான். பிள்ளை, நீர் செய்தது சரி. பிழை அந்தப் போர்மனிலை. ஒரு பொம்பிளைப் பிள்ளையிட்டை ஒரு விசயத்தை ஒருக்காக் கேட்டிட்டு விடுறதோ எண்டு. என்ர மனிசி எழும்பிப்போய் அந்தப் பிள்ளையின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. என்னை ஒருமாதிரிப் பாத்தவ. பாடம் இடையிலை நிண்டுபோச்சே எண்ட கவலையாக்கும்.

அதுக்குப் பிறகு எங்கையோ ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கீட்டுது. ஒரு கிழமை மலருக்கு, அடுத்த கிழமை குலத்துக்கு. குலத்தின்ர காய்ச்சல் சரியா வகுப்பு நாளிலை மட்டும் வரும். இந்த நாட்டுக் குளிர் அப்பிடி. மிஸிஸ் லின்தான் தவறாமல் வாறவ. ஒருநாள் என்னட்டைத் தமிழிலை சொன்னா, "மாஸ்டர், எல்லாரும் லைப்ரரி வகுப்பு போறது. நான் உங்களிட்டை வாறது. பாவம்" எண்டு. ஆரைப் பாவம் எண்டவ எண்டு எனக்கு விளங்கேல்லை. அவவின்ர தமிழ் இன்னும் கொஞ்சம் திருந்தவேணும்.

லைப்ரரியிலை மாரிசெல் எண்டு ஒரு பிலிப்பீன்ஸ் பிள்ளை ஒரு வகுப்பு நடத்துது. நான் விசாரிச்சனான். புத்தகமே இல்லையாம். கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அழுகின தக்காளியைக் கையிலை குடுத்து, இதை மாத்தித் தா எண்டு கடைக்காரனோடை சண்டை பிடிக்கப் பழக்குதாம். ரெலிபோனை எடுத்து, ஹீற்றர் வேலை செய்யேல்லை எண்டு பில்டிங்காரனைப் பேசப் பழக்குதாம். உதுக்குப் பேர் படிப்போ? உதெல்லாம் கோவம் வந்தால் தன்ரபாட்டிலை வருமே.

அப்பதான் பெவர்லி வந்தவ. பெவர்லி எண்டது, இப்பிடியான வகுப்புகளுக்கு இடம் பாத்துக் குடுக்கிற கந்தோரிலை பெரிய ஆள். நல்ல மனிசி, குறை சொல்லக்கூடாது. ஆனால் இந்த ஒரு பழக்கம் தெரியாது. கிட்டக் கிட்ட ரெண்டு வகுப்புத் தேவையில்லை, ஒண்டை வைச்சிருப்பம், எதை வைச்சிருக்கிறது எண்டு படிக்கிற ஆக்களையே கேப்பம் எண்டு சொல்லிப்போட்டா. கேளுங்கோவன் எண்டன் நான். எனக்கென்ன பயம்? என்ர ஆக்களை எனக்குத் தெரியாதோ?

பயமில்லை எண்டு சொன்னாலும் பிள்ளை, உங்களிட்டைச் சொன்னாலென்ன, அந்தக் கிழமை நான் நித்திரையே கொள்ளேல்லை. அந்த அறை இல்லாட்டில் நான் எங்கை போறது? வீட்டிலை ஆர் என்னை மாஸ்டர் எண்டு கூப்பிடுறது? இஞ்சை வந்து இறங்கின நாள் துவக்கம் "அப்பா, அங்கை இருங்கோ, அப்பா, அதைத் தொடாதேங்கோ"தானே. கீழை அந்தக் கதவைத் திறந்தால்தான் நான் ஒரு ஆள்.

அதாலை பெவர்லி வாறதுக்கு முதல்நாள் எல்லாரையும் கூப்பிட்டன். காய்ச்சல்காரருக்கும் ரெலிபோன் எடுத்தன். நாளைக்கு அந்த அம்மா வந்து என்ன கேட்டாலும் நான் சொல்லித்தந்த முறையை மறக்கக் கூடாது, என்ர மானத்தை வாங்கிப்போடாதேங்கோ எண்டன். குலம் திருப்பித் திருப்பிக் கேட்டான். "மாஸ்டர், என்ன கேட்டாலும் முதல் 'நோ, தாங்க் யூ'தானே? வடிவாச் சொல்லுங்கோ. பிறகு எங்களிலை பிழை சொல்லக்கூடாது" எண்டு. எவ்வளவு கவனம் எண்டு பாருங்கோ. நான் ஓம் எண்டு கையிலை அடிச்சுச் சொன்னன். அவன் மலரைப் பாத்துச் சிரிச்சான். மலரும் சிரிச்சது. கனநாளைக்குப் பிறகு வகுப்பிலை எல்லாற்ற முகத்திலையும் ஒரு வெளிச்சம்.

அடுத்தநாள் ஒருத்தரும் மிச்சமில்லாமல் வந்திட்டினம். என்ர மனிசி பச்சைக் கூறைச்சீலை உடுத்தியிருந்தவ. என்ன விசேசம் எண்டு கேட்டன். சும்மா எண்டவ.

பெவர்லி கதிரையிலை இருந்து, மெதுமெதுவா, எல்லாருக்கும் விளங்கக்கூடியதாக் கேட்டா. "வுட் யூ லைக் மிஸ்டர் அம்பலவாணர் டு கன்டினியூ டீச்சிங் யூ?" என்ன வடிவான கேள்வி! நான் கையைக் கட்டிக்கொண்டு மூலையிலை நிண்டன். பிறகு ஒரு கதிரை பின்னுக்கு இழுபட்டுது. பாத்தால் தையல்நாயகி. என்ர மனிசி எழும்பி நிக்கிறா. நான் பதில் சொல்லமுடியாத ஒரே ஒரு கேள்வி அது, ஏனெண்டால் கேள்வியே என்னைப் பற்றினது. அவ பெவர்லியை நேரை பாத்து, கணீரெண்டு சொன்னா.

"நோ, தாங்க் யூ."

என்ன உச்சரிப்புப் பிள்ளை! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு குலம், "நோ, தாங்க் யூ." மலர், "நோ, தாங்க் யூ." பின் வரிசையிலை இருந்ததுகளெல்லாம் ஒண்டுக்குப் பின் ஒண்டா "நோ, தாங்க் யூ." ஒருத்தர்கூடப் பிசகேல்லை. மிஸிஸ் லின் கடைசியா எழும்பி, "வேண்டாம், தாங்க் யூ" எண்டா. பரவாயில்லை, கருத்து ஒண்டுதானே.

நான் பெவர்லியைப் பாத்து ரெண்டு விரலைக் காட்டினன். அதாவது, அம்மா, ரெண்டாந்தரம் கேளுங்கோ எண்டு. அவ என்னத்தை விளங்கினாவோ, சிரிச்சுக்கொண்டு தானும் ரெண்டு விரலைத் திருப்பிக் காட்டினா. கிட்டப் போய், "மேடம், கைன்ட்லி ஆஸ்க் அகெய்ன்" எண்டன். அவ என்ர கையைப் பிடிச்சு, "அவையள் வடிவா விளங்கப்படுத்திப்போட்டினம், மிஸ்டர் அம்பலவாணர். நீங்கள் நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறியள்" எண்டு இங்கிலிஷிலை சொன்னா. ஒருக்காத்தான் கேட்டவ! ஒரே ஒருக்கா! இன்னும் ரெண்டுதரம் கேட்டிருந்தால் வகுப்பு இண்டைக்கும் நடக்கும்.

அதோடை விட்டாவோ? அடுத்த கேள்வி கேட்டா, அப்ப லைப்ரரியிலை மாரிசெல்லின்ர வகுப்பிலை சேர விருப்பமோ எண்டு. எல்லாரும் ஒரே குரலிலை, "யெஸ், பிளீஸ்!" மிஸிஸ் லின் "ஓம், ஓம்!" எண்டா.

நான் யோசிச்சுப் பாத்தன். என்ன நடந்ததெண்டால், அதுகள் இதை ரெண்டாந்தரம் மூண்டாந்தரம் கேக்கிறா எண்டு நினைச்சுப்போட்டுதுகள். முதல் கேள்விக்கு நோ எண்டாச்சுது, இனி ஓம் எண்டு சொல்லலாம் எண்டு. கேள்வி மாறினதைக் கவனிக்கேல்லை. வேறை என்னவா இருக்கப்போகுது? நீங்கள் ஏன் பிள்ளை வாயைப் பொத்துறியள்? இருமலோ?

அண்டைக்குப் பின்னேரம் வீட்டிலை நான் கேட்டன். தையல், நீ மரியாதைக்குத்தானே அப்பிடிச் சொன்னனீ எண்டு. அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ. தலையை நிமித்தாமல், "ஓம், மரியாதையாத்தான் சொன்னனான்" எண்டா. எனக்குப் பெருமைதான். நாப்பது வருசத்துக்கு மேலை என்னோடை குடித்தனம் நடத்தின மனிசி, ஒருநாளும் ஒரு விசயத்துக்கும் என்னட்டை இல்லையெண்டு சொன்னதில்லை. முதன்முதலாச் சொன்னது நான் படிப்பிச்ச இங்கிலிஷிலைதானே. பெருமைதான். அண்டைக்கு நெஞ்சுக்கை என்னவோ செய்தது. வாய்வாக்கும் எண்டு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திட்டன்.

இப்ப அவ தனிய பஸ் ஏறி லைப்ரரிக்குப் போறா. முதல்நாள் கோட்டைப் போட்டு, தொப்பியைப் போட்டு, கதவடியிலை நிண்டு கேட்டவ, "நீங்களும் வாறியளோ?" எண்டு. நான் என்ன சொல்லுவன்? "வேண்டாம், நீ போட்டு வா" எண்டன். "சரி" எண்டிட்டுக் கதவைச் சாத்திப்போட்டா! நான் ஒரு கால் சப்பாத்தைப் போட்டபடி நிக்கிறன், பிள்ளை. மற்றக் கால் சப்பாத்து கையிலை. திரும்பி வந்து கேப்பா எண்டு கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டன். லிப்ட் வந்த சத்தம் கேட்டுது, போன சத்தம் கேட்டுது. வீடு சரியான வெறுமை. சட்டியைத் திறந்து உப்புப் பாத்தன். உப்பும் சரியாக் கிடந்தது.

எங்கட மனிசியும் ஒருக்காக் கேக்கிற ஆளா மாறீட்டா எண்டதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.

இப்ப எங்கை போறன் எண்டு கேக்கிறியளோ? இந்தா பாருங்கோ, அவவின்ர வாசிக்கிற கண்ணாடி. விட்டிட்டுப் போட்டா. மறதி கூடிப்போச்சு. நேற்று இரவு நான்தான் எடுத்து பிறிட்ஜுக்கு மேலை பத்திரமா வைச்சனான், காலமை தேடினவ, காணேல்லை. போன கிழமை கையுறை. அதுக்கு முதல் குடை. அதுவும் என்ர கோட்டுக்குள்ளைதான் பத்திரமாக் கிடந்தது. ஆராவது கொண்டுபோய்க் குடுக்கவேணும்தானே?

போய்க் கதவைத் தட்டுவன். அந்த மாரிசெல் பிள்ளை வந்து திறக்கும். நல்ல சிரிச்ச முகம், பொய் சொல்லக்கூடாது. உள்ளை மேசையைச் சுத்தி இருந்து எல்லாரும் ஒரே நேரத்திலை கதைப்பினம், இங்கிலிஷிலை. குலம் கையைக் காட்டுவான். மலருக்கு இப்ப பகல் வேலையாம், தானே போர்மனிட்டைப் போய்க் கேட்டதாம். தையல் நடுவிலை இருந்து பெரிசாச் சிரிச்சுக்கொண்டு இருப்பா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் எப்ப கண்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டு நிப்பன். அந்தப் பிள்ளை சாமானை வாங்கிக்கொண்டு கேக்கும், "வுட் யூ லைக் டு கம் இன்?" எண்டு. நான் சொல்லுவன், "நோ, தாங்க் யூ." அது "ஓகே!" எண்டு சிரிச்சுக் கதவைச் சாத்தும். ஒவ்வொரு தரமும் இதுதான். ஒருக்கா எண்டாலும் ரெண்டாந்தரம் கேக்காது. நான் வெளியை கிடக்கிற கதிரையிலை இருந்து கதவுக் கண்ணாடிக்காலை பாத்துக்கொண்டு இருந்திட்டு, அவவோடை சேந்து வீட்டை வருவன்.

எனக்கும் உள்ளை போகவேணும் போலைதான் பிள்ளை கிடக்கு. என்னத்துக்கு ஒளிக்கிறது? படிக்கிறதுக்கில்லை. சும்மா, அவவுக்குப் பக்கத்திலை ஒரு கதிரையிலை.

இது எத்தினையாவது ஸ்டொப்? அடுத்ததுக்கு அடுத்ததோ? பிள்ளை, ஒரு உதவி செய்வியளோ? நீங்கள் இஞ்சை பிறந்தனீங்கள், உங்கட வாயிலை அந்தப் பிள்ளையின்ர மாதிரித்தான் வரும். அது கேக்கிறமாதிரி ஒருக்காக் கேளுங்கோ. சிரிச்சுக்கொண்டு. வுட் யூ லைக் டு கம் இன் எண்டு.

நோ, தாங்க் யூ.

சீ! பாத்தியளோ? வாய் தன்ரபாட்டிலை சொல்லுது. நான் படிப்பிச்ச பாடம் என்னையே விடுதில்லை. இன்னொருக்கா.

நோ, தாங்க்... நில்லுங்கோ, நில்லுங்கோ. என்ன, ரோல்ஸ் பையை நீட்டுறியள்? ஓ, இதிலை பழகச் சொல்லுறியளோ? கெட்டிக்காரி. பளைக்காரர் எண்டால் சும்மாவோ. சரி, கேளுங்கோ.

யெ... யெஸ். பிளீஸ்.

அப்பாடி. இஞ்சை பாருங்கோ, இந்தக் குளிருக்கை வேர்க்குது. தாங்கோ, எடுக்கிறன். மட்டன்தான். இன்னொண்டும் தாங்கோ, அவவுக்கு. இல்லை, நீங்கள் தரேல்லை, நான்தான் கேக்கிறன். ஓம், கேட்டு வாங்கிறன், இப்ப என்ன?

வந்திட்டுது, லைப்ரரி. கண்ணாடி கிடக்கு, தொப்பி கிடக்கு. அங்கை, மேல் யன்னலிலை தெரியிறா பாருங்கோ, பச்சைக் கம்பளிச் சட்டை, அதுதான் தையல். நான் இறங்கிறன். இறங்கமுன்னம் கடைசியா ஒருக்காக் கேளுங்கோ பிள்ளை, ரோல்ஸ் இல்லாமல். கெதியா, கதவு பூட்டப்போறான். வுட் யூ லைக் டு கம் இன்?

நோ, தாங்க் யூ.

ஐயோ, கடவுளே. ட்ரைவர், வெயிட், பிளீஸ்! ஒரு நிமிசம்! பிள்ளை, இன்னொருக்காக் கேளுங்கோ.